விஏ கேர்கிவர் திட்டம் எப்படி? உள்ளே இருப்பவள் சொல்கிறேன்

விஏ என்று எல்லோரும் சொல்கிற அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை, வீரர்களை வீட்டில் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்காக (கேர்கிவர்) நடத்தும் திட்டத்தைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். ஒன்றும் சிக்கவில்லை. அமெரிக்க ராணுவத்துக்கும் நம்மவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். இருக்கிறது. 2009ல் மாவ்னி என்றொரு ஆள்சேர்ப்புத் திட்டம் தொடங்கினார்கள். கிரீன் கார்டு இல்லாமல் மாணவர் விசாவில் இருப்பவர்கூட, ராணுவத்துக்கு வேண்டிய மொழி ஒன்று தெரிந்திருந்தால் சேரலாம். குடியுரிமையும் சீக்கிரம் கிடைத்துவிடும். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016ல் அந்தத் திட்டம் நின்றுபோனது. அதற்குள் உள்ளே போனவர்களில் என் கணவரும் ஒருவர். எம்எஸ் படிக்க வந்த பையன் பட்டாளத்துக்குப் போய்விட்டான் என்று ஊரில் ஒருவரும் முதலில் நம்பவில்லையாம்.

ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியே வந்து, கல்யாணமாகி, ஐடி வேலையில் இருந்தவருக்கு ஒருநாள் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. அப்புறம் சாவியைத் திருப்ப முடியவில்லை. பரிசோதனைகள் எல்லாம் முடிந்து வந்த பெயர் ஏஎல்எஸ். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் செத்துக்கொண்டே போகும் நோய். கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. ராணுவத்தில் இருந்தவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது என்று ஆய்வுகள் காட்டியதால், 2008 முதல் விஏ ஒரு விதி வைத்திருக்கிறது: தொடர்ச்சியாக 90 நாளாவது பணியில் இருந்தவருக்கு எப்போது ஏஎல்எஸ் வந்தாலும் அது பணியால் வந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். போர்முனைக்குப் போயிருக்க வேண்டும் என்பதில்லை. ஊனமுற்ற அளவு 100 சதவீதம் என்றும் கொடுத்துவிடுவார்கள். இந்தக் கட்டுரைக்கு இது முக்கியம். ஏனென்றால் கேர்கிவர் திட்டத்துக்குள் நுழைய, பணியால் வந்த ஊனம் குறைந்தது 70 சதவீதம் என்று பதிவாகியிருக்க வேண்டும். மற்ற நோய்க்காரர்களின் குடும்பங்கள் அந்த 70 சதவீதத்துக்கே வருடக்கணக்கில் போராடுகின்றன. எங்களுக்கு அந்தக் கதவு முன்பே திறந்திருந்தது. அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

திட்டத்தின் முழுப் பெயர் நீளம், சுருக்கமாக பிசிஏஎஃப்சி. 2010ல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது. முதலில் 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு காயம்பட்டவர்களின் குடும்பங்களுக்கு மட்டும்தான். வியட்நாம் போய் வந்தவரின் மனைவி 40 வருடமாகச் சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டிருந்தாலும் அவருக்கு இதில் இடமில்லை. 2018ல் வந்த மிஷன் சட்டம் அதை மாற்றியது. 2020 அக்டோபரில் 1975 மே 7 அன்றோ அதற்கு முன்போ பணியாற்றியவர்களையும், 2022 அக்டோபரில் மிச்சமிருந்த எல்லோரையும் சேர்த்தார்கள்.

என்ன கிடைக்கும்? ஒருவரை முதன்மை கேர்கிவராகவும் அதிகபட்சம் இரண்டு பேரைத் துணை கேர்கிவர்களாகவும் பதிவு செய்யலாம். முதன்மையாக இருப்பவருக்கு மாதாமாதம் ஸ்டைபண்ட், அதாவது உதவித்தொகை. மத்திய அரசு ஊழியர் சம்பள அட்டவணையில் ஜிஎஸ்-4 முதல் படிக்கு நாம் இருக்கும் பகுதியில் என்ன ஆண்டுத் தொகையோ அதை 12ஆல் வகுக்க வேண்டும். நோயாளியால் தனியாகச் சமாளிக்கவே முடியாது என்று முடிவானால் முழுத் தொகை. இல்லாவிட்டால் அதில் 62.5 சதவீதம். வருமான வரி கிடையாது. வேறு காப்பீடு இல்லாத முதன்மை கேர்கிவருக்கு சாம்ப்விஏ மருத்துவக் காப்பீடும் உண்டு. 100 சதவீதமும் நிரந்தரம் என்று பதிவான வீரரின் மனைவிக்கு அது எப்படியும் கிடைக்கும், மகனைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கோ அக்காவுக்கோதான் இந்த வழி பெரிய விஷயம். இவை போக, மனநல ஆலோசனை, பயிற்சி, வருடத்துக்குக் குறைந்தது 30 நாள் மாற்று ஆள் உதவி. துணை கேர்கிவருக்குப் பயிற்சியும் ஆலோசனையும் உண்டு, பணம் இல்லை. எங்கள் வீட்டில் அது என் கொழுந்தனார். வார இறுதிகளில் வந்து இவருக்கு ஷேவ் செய்துவிடுவார். அண்ணன் தம்பி இருவருக்கும் அது கிரிக்கெட் பேசும் நேரம்.

ஸ்டைபண்ட் விஷயம் எங்கள் குடும்பத்தில் சின்னப் புகைச்சலைக் கிளப்பியது. என் மாமியார் போனில், "ஏம்மா, கட்டுனவனப் பாத்துக்கிடதுக்கு கவுர்மென்ட்டு சம்பளமா?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். "அத்தை, நான் வேலையை விட்டுட்டேன்ல, அதுக்குத்தான்" என்று சொல்லி முடித்துவிட்டேன். நம் பெண்களில் பலர் இந்த ஒரு கூச்சத்திலேயே விண்ணப்பம் போடாமல் இருப்பார்கள். போடுங்கள். நம்மைப் போன்றவர்கள் வீட்டில் செய்யாவிட்டால் அதே வேலைக்கு விஏ நர்சிங் ஹோமில் இதைவிடப் பல மடங்கு செலவழிக்க வேண்டிவரும். அவர்களும் கணக்குப் போட்டுத்தான் தருகிறார்கள்.

ஆனால் பணத்துக்காக மட்டும் இந்தத் திட்டத்துக்கு நான் இத்தனை மதிப்பெண் போடமாட்டேன். கேர்கிவர் என்று நம் பெயர் நோயாளியின் பதிவேட்டில் ஏறியதும் மருத்துவமனை அறைக்குள் நடக்கும் மாற்றம்தான் எனக்குப் பெரிது.

எங்கள் விஏ மருத்துவமனையில் ஏஎல்எஸ் கிளினிக் நாள் என்றால் நாங்கள் ஒரே அறையில் உட்கார்ந்திருப்போம். நரம்பியல் மருத்துவர், மூச்சுப் பயிற்சியாளர், பேச்சுப் பயிற்சியாளர், உணவு ஆலோசகர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக அங்கே வருவார்கள். மூச்சுப் பயிற்சியாளர் உள்ளே வந்ததும் என்னைப் பார்த்து முதலில் கேட்பது, "ராத்திரி எத்தனை தடவை எழுப்பினார்?" இரவில் இவருக்கு மாஸ்க் வழியாக மூச்சுக்கு உதவும் இயந்திரத்தின் பதிவு அவர் கையிலேயே இருக்கிறது. இருந்தாலும் கேட்பார். மாஸ்க் மூக்கெலும்பில் அழுத்திப் புண்ணாவதால் இவர் பாதி ராத்திரியில் கண்ணைச் சிமிட்டிக் கழற்றச் சொல்வது எந்தப் பதிவிலும் இருக்காது. அதைச் சொன்னதும் வேறு அளவு மாஸ்க் எடுத்து வந்து, போட்டுக் காட்டாமல் என் கையில் கொடுத்து, "நீங்களே போடுங்கள், பார்க்கிறேன்" என்றார். நான் பட்டையை இறுக்கிய விதத்தைப் பார்த்துவிட்டு, மேல் பட்டையைத் தளர்த்திக் கீழ்ப் பட்டையை இழுக்கச் சொன்னார். அவ்வளவுதான். மூக்குப் புண் ஆறிவிட்டது.

இவரைக் கட்டிலிலிருந்து தூக்கும் கருவிக்கும் அதே பாடம்தான். தொங்கு துணியை உடம்புக்கடியில் நுழைக்க நான் இவரை என் பக்கமாக இழுத்துப் புரட்டுவேன். ஒரு தெரபிஸ்ட் அதைப் பார்த்துவிட்டு, இவரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "உங்கள் முதுகு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். கட்டிலின் உயரத்தை என் இடுப்பளவுக்கு ஏற்றிக்கொள்ளச் சொல்லி, எந்தக் காலை முன்னால் வைப்பது என்பதுவரை நிற்கவைத்துக் காட்டிக் கொடுத்தார். நான் விழுந்தால் இவரும் விழுந்த மாதிரிதான் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

இது தற்செயலாக வந்த பழக்கம் இல்லை. முன்னாள் செனட்டர் எலிசபெத் டோல் தொடங்கிய அறக்கட்டளையும் விஏவும் படைவீரர் குடும்பங்களுக்குக் காப்பீடும் வங்கிச் சேவையும் தரும் யுஎஸ்ஏஏ நிறுவனமும் சேர்ந்து, குடும்பத்தாரை முதல் நாளிலிருந்தே சிகிச்சைக் குழுவில் ஓர் ஆளாக நடத்த மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும் பயிற்சி கொடுக்கும் ஓர் இயக்கத்தை நடத்துகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் படுகாயமடைந்து கை வழங்காமல் போன, மறைந்த செனட்டர் பாப் டோலின் மனைவி அவர். அந்த அறக்கட்டளைக்காக ராண்ட் ஆய்வு நிறுவனம் 2014ல் செய்த ஆய்வு, அமெரிக்காவில் படைவீரர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாள்கள் 55 லட்சம் பேர் என்று கணக்கிட்டது.

இந்தப் பழக்கத்தின் அருமை வெளியே போனால்தான் தெரியும். ஒரு இரவு இவருக்குச் சளி கட்டி மூச்சு முட்ட, ஆம்புலன்ஸ் எங்களைப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. பெயர் வேண்டாம். ஏஎல்எஸ் நோயாளியின் நுரையீரலில் கோளாறு இருக்காது. அதை இயக்கும் தசைதான் ஓய்ந்துவிட்டது. காற்றை உள்ளே தள்ளி வெளியே விட உதவும் பைபாப் இயந்திரம் இல்லாமல் வெறும் ஆக்ஸிஜனை மட்டும் திறந்துவிட்டால், மானிட்டரில் ஆக்ஸிஜன் எண் அழகாக ஏறும், உடம்புக்குள் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து ஏறும். மட்டமாகப் படுக்கவைக்கவும் கூடாது. இதை நான் சொல்லச் சொல்ல, படுக்கையை மட்டமாக்கி ஆக்ஸிஜன் குழாயை மாட்டி, "மேடம், வெளியே காத்திருங்கள்" என்றார்கள். ஹிப்பா தனியுரிமைச் சட்டம் என்று ஒரு காரணமும் சொன்னார்கள். அந்தச் சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. நோயாளி மறுக்காதவரை, அவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரிடம் சிகிச்சை பற்றிப் பேசலாம் என்றுதான் இருக்கிறது. வாய் பேச முடியாத மனிதர் கண்ணால் என்னையே தேடிக்கொண்டிருக்கிறார், இவர்கள் அவருடைய தனியுரிமையைக் காப்பாற்றுகிறார்களாம்!

கடைசியில் விஏவின் இரவு நர்ஸ் எண்ணைக் கூப்பிட்டேன். எதிர்முனையில் இருந்தவர் பதிவேட்டைத் திறந்ததும், கேர்கிவர் நான்தான், இவருக்காக மருத்துவ முடிவு எடுக்கும் அதிகாரம் (பவர் ஆஃப் அட்டர்னி) என் பெயரில்தான் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் கேள்வி எதுவும் கேட்காமல், "டியூட்டி டாக்டரிடம் போனைக் கொடுங்கள்" என்றார். டாக்டர் போனைத் திருப்பிக் கொடுத்தபோது, வீட்டிலிருந்து நான் தூக்கி வந்திருந்த பைபாப்புக்கு பிளக் பாயின்ட் தேடிக்கொண்டிருந்தார்கள்.

போகிற போக்கில் ஒரு தகவல்: இப்படி வெளி மருத்துவமனையில் அவசர சிகிச்சைக்குச் சேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் விஏவுக்குத் தெரிவிக்க வேண்டும். விட்டுவிட்டால் பில் நம் தலையில் விழலாம். மருத்துவமனை சொல்லிவிடும் என்று நம்பி இருக்காதீர்கள், நீங்களே சொல்லுங்கள்.

இனி குறைகள்.

தகுதியை அளக்கும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. 2020ல் விதிகளை மாற்றி எழுதியபோது, உடுத்துவது, குளிப்பது, சாப்பிடுவது, கழிப்பறை போவது போன்ற வேலைகளில் ஒன்றையாவது செய்யும் 'ஒவ்வொரு முறையும்' மற்றவர் உதவி தேவைப்பட்டால்தான் அந்த வழியில் தகுதி என்று போட்டார்கள். ஏஎல்எஸ் இந்தச் சல்லடையில் சுலபமாக நின்றுவிடும். பார்க்கின்சன்ஸ் நோயாளியைப் பாருங்கள்: காலையில் மாத்திரை வேலை செய்யும்போது தானே சட்டை போட்டுக்கொள்வார், மாலையில் கையைக்கூட நீட்ட முடியாது. ஒருநாள் காலையில் தானாகச் சட்டை போட்டார் என்பதால் அந்த மனைவிக்கு ஓய்வு கிடைத்துவிடுமா? புது விதிப்படி மறுபரிசீலனை செய்தபோது பழைய பயனாளிகளில் பெரும்பாலோர் தகுதி இழப்பார்கள் என்று தெரிந்து பெரிய சத்தம் எழுந்தது. 2022 மார்ச்சில் அந்த நீக்கங்களை விஏ நிறுத்திவைத்தது.

முடிவெடுப்பவர்கள் வேறு யாரோ என்பது இன்னொரு சங்கடம். நம்மைப் பார்க்கும் மருத்துவர் கருத்துச் சொல்லலாம். ஆனால் தீர்ப்பு சொல்வது சிஇஏடி என்ற மையக் குழு. அவர்கள் காகிதத்தைத்தான் பார்க்கிறார்கள். நிராகரித்தால் விஏவின் மருத்துவப் பிரிவுக்குள்ளேயே முறையிட வேண்டும் என்றுதான் பல காலம் இருந்தது. ஒரு முன்னாள் மரைன் வீரரும் அவர் மனைவியும் தொடுத்த வழக்கில், 2021ல் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த முடிவுகளையும் படைவீரர் முறையீட்டு வாரியத்துக்குக் கொண்டுபோகலாம் என்று தீர்ப்பளித்தது. நிராகரிப்புக் கடிதம் வந்தவர்கள் அத்தோடு விட்டுவிடாதீர்கள்.

30 நாள் மாற்று ஆள் உதவி காகிதத்தில் பிரமாதம். ஆள் வருவது வெளி ஏஜென்சிகள் வழியாக. எங்களுக்கு ஒரு ஏஜென்சி அனுப்பிய பெண் நல்ல மனசுக்காரி, ஆனால் சளி எடுக்கும் இயந்திரத்தைத் தொடக்கூட அவருக்கு அனுமதி இல்லை என்றார். அப்புறம் நான் எங்கே போவது? பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு, காதை இங்கே வைத்திருந்தேன். மூச்சுக் கருவியோடு இருக்கும் நோயாளிக்கு நர்ஸ் தரத்தில்தான் ஆள் வேண்டும் என்று சமூகப் பணியாளர் மூலம் எழுதி வாங்குங்கள். சாதாரண உதவியாளர் வந்தால் அந்த நாள் கணக்கில் கழியும், உங்களுக்கு ஓய்வு கிடைக்காது.

ஸ்டைபண்ட் சம்பளமாகக் கருதப்படாததால் வரி இல்லை என்றேன் அல்லவா? அதே காரணத்தால் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியக் கணக்கிலும் அது ஏறாது. சொந்த ஓய்வூதியத்துக்கு, வேலை செய்து சேர்க்கும் 40 கிரெடிட் வேண்டும். கல்யாணமாகி இந்த நாட்டுக்குத் தாமதமாக வந்து, தாமதமாக வேலையில் சேர்ந்து, இப்போது அதையும் விட்ட என்னைப் போன்றவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. திட்டத்திலேயே நிதி ஆலோசனை ஒரு சலுகையாக இருக்கிறது. முதல் வேலையாக அதைக் கேட்டு வாங்குங்கள். வீரர் இறந்துபோனால் ஸ்டைபண்ட் 90 நாள் தொடரும் என்ற விதியையும் அந்த ஆலோசகர்தான் எனக்குச் சொன்னார். கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. தெரிந்துகொண்டது நல்லது.

குறைந்தது 120 நாளுக்கு ஒருமுறை நம் நலம் விசாரிக்க ஒரு சந்திப்பு உண்டு. பலர் இதைச் சோதனை என்று நினைத்து, எல்லாம் நன்றாகப் போகிறது என்று காட்டப் பார்க்கிறார்கள். நம் ஊர்ப் பழக்கம் வேறு, யாராவது "எப்படி இருக்கீங்க?" என்றால் "நல்லாயிருக்கேன்" என்றுதானே வாயில் வரும். சில இடங்களில் ஸரிட் என்ற 22 கேள்விப் பட்டியலைக் கொடுப்பார்கள். அவர் பக்கத்தில் இருக்கும்போது உங்களுக்குக் கோபம் வருகிறதா என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. பக்கத்திலேயே அவர் உட்கார்ந்திருக்க, அதற்கு யார் உண்மையைச் சொல்வார்கள்? எனக்குத் தனி அறை வேண்டும் என்று கேளுங்கள். நான் கேட்டேன், கொடுத்தார்கள். கோபம் வருகிறது என்றேன். நோயின் மேலா, அவர் மேலா என்று கேட்டார் அந்தச் சமூகப் பணியாளர். சில நாள் அவர் மேலேயும்தான் என்றேன். அவர் எழுதிக்கொண்டு, எனக்கு ஆலோசனைக்கு நேரம் குறித்துக் கொடுத்தார். ஒன்றும் இடிந்து விழவில்லை.

கருவிகள் பற்றி ஒரு வரி. இவர் இப்போது பேசுவது, திரையில் எழுத்துகளைக் கண்ணால் பார்த்தே தட்டும் கருவியில். விஏதான் கொடுத்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார், அது தன் அமெரிக்க உச்சரிப்பில் கடித்துத் துப்பும். ஊருக்கு வீடியோ காலில் "சாப்பிட்டாச்சா அம்மா" என்று அடித்தார். மாமியார் திகைத்துப்போய், "யாரும்மா அது, வெள்ளக்காரன் பேசுதான்?" என்றார். பேச்சுப் பயிற்சியாளரிடம் இதைச் சொன்னேன். குரல் இருக்கும்போதே பதிவு செய்துவைக்கலாம் என்ற யோசனையை நோயாளியிடம் மட்டுமின்றி வீட்டாரிடமும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று குறித்துக்கொண்டார். புதிதாக ஏஎல்எஸ் என்று தெரிந்தவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

விண்ணப்பப் படிவத்தின் எண் 10-10CG. வீரரும் கேர்கிவரும் இருவருமே கையெழுத்திட வேண்டும். கையெழுத்துப் போட முடியாத நிலை வரும் முன், மருத்துவ முடிவுகளுக்கான பவர் ஆஃப் அட்டர்னியை விஏவின் 10-0137 படிவத்தில் முடித்து, பதிவேட்டில் ஏற்றிவிட்டார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஏஎல்எஸ், முதுகுத்தண்டு பாதிப்பு போன்றவற்றில் ஊனக் கோரிக்கை எழுத 'பாரலைஸ்ட் வெட்டரன்ஸ் ஆஃப் அமெரிக்கா' சங்கத்தின் அலுவலர்கள் காசு வாங்காமல் உதவுகிறார்கள். மதிப்பீட்டுக்கு வருபவரிடம் "ஹெல்ப் பண்ணுவேன்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். பல் தேய்க்க எவ்வளவு நேரம், இரவில் எதற்காகவெல்லாம் எழுகிறீர்கள், எதை ஒரே ஆளால் செய்ய முடியாது என்று நாள் முழுக்க நடப்பதைச் சொல்லுங்கள்.

70 சதவீதம் இல்லாதவர்கள் ஒதுங்கிப் போக வேண்டாம். பொது கேர்கிவர் உதவித் திட்டம் என்று இன்னொன்று இருக்கிறது. விஏ சிகிச்சையில் பதிவு செய்த எந்தக் காலத்து வீரரானாலும் அவரைப் பார்த்துக்கொள்பவர் சேரலாம். ஸ்டைபண்ட் கிடையாது, பயிற்சி உண்டு, போனில் ஆலோசனை உண்டு, இதே பாதையில் முன்னால் நடந்த இன்னொரு கேர்கிவரைத் துணைக்குச் சேர்த்துவிடவும் செய்வார்கள். ஒவ்வொரு விஏ மருத்துவமனையிலும் கேர்கிவர் உதவிக் குழு இருக்கிறது. மருத்துவமனையின் பொது எண்ணைக் கூப்பிட்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் இணைப்பார்கள்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், கிளினிக் அறைக்கு ஐந்து, தகுதி விதிகளுக்கு இரண்டு, மாற்று ஆளுக்கு ஒன்றரை.